என் இடத்தில் உட்கார்ந்த கேழ்வரகு மூட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஒரு கேழ்வரகு மூட்டையாக மாற்றினார்கள்.

யார்? வேறு யார்... என் வீட்டுக்காரர்தான். கூட அவருடைய அக்கா புருஷன். கூட மோட்டார் சைக்கிள் விற்க வந்த ஒரு புரோக்கர். மூன்று பேரும் நல்ல மனிதர்கள். எனக்கு ஆத்திரமே அதனால்தான். கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நல்லவர்களை என்ன செய்வது?

இந்த வாரம் மைசூர் தசராவைப் பற்றி எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் மன்னிக்க வேண்டும். இருக்கிற கோபத்தில் எனக்கு யானையைப் பற்றியெல்லாம் எழுத வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். காலை ஷிப்ட். அல்சூரிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. என் கணவர் கோதண்டம் தன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே தன் தொழிற்சாலைக்குப் போவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அந்த மோட்டார் சைக்கிளை நீங்கள் பார்க்க வேண்டும். குட்டி வண்டி. ஒருவர் ஏறினால் ஓடும். இருவர் ஏறினால் யோசிக்கும். அல்சூர் ஏரியைத் தாண்டி எம்.ஜி. ரோடு பக்கம் ஏறுகிற மேடு வந்தால், யோசிப்பதையும் விட்டுவிடும்.

"சரோ, கொஞ்சம் இறங்கிக்கோ" என்பார்.

இறங்குவேன். அவர் வண்டியோடு மேலே போய்விடுவார். நான் டிபன் கேரியரையும் கைப்பையையும் ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவேன். பால்காரர்கள் சைக்கிளை மிதித்து என்னைத் தாண்டிப் போவார்கள். மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இவர் வண்டியை உறுமவிட்டபடி நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏறி வந்தவள் நான். மணி பார்க்கிறவர் அவர்.

இதில் எனக்கு லேட்டாகிக்கொண்டே போனது. எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் சத்தம் போடுகிறவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார் — இன்னொரு தடவை லேட்டாக வந்தால் காலை ஷிப்ட் கிடையாது, இரவு ஷிப்ட்தான்.

இரவு ஷிப்ட் என்றால் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் ராஜினாமா. 'ராத்திரியில என்ன வேலை வேண்டியிருக்கு, பேசாம நின்னுடு' என்று சொல்வதற்கு ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே காத்திருக்க ஆரம்பித்தவர்களும் அதில் உண்டு. அந்த வேலை எனக்கு வெறும் சம்பளம் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெல்லியோடும் பம்பாயோடும் பேசுகிற அந்த நாற்காலியில்தான் நான் நானாக உட்கார்ந்திருக்கிறேன். அதை ஒரு மேட்டுக்காக விட்டுக்கொடுப்பதா?

ஆகவே பெரிய வண்டி வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னவளே நான்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னதுதான் தாமதம். எங்கள் வீட்டுக்கு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள்.

இவருடைய தொழிற்சாலை நண்பர்கள், எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர், பிரேசர் டவுனிலிருந்து சைக்கிளில் வந்து மோட்டார் சைக்கிளைப் பற்றி விளக்கம் சொன்ன ஒருவர் — சாயங்காலமானால் ஹாலில் இடம் இருக்காது. மெட்ராஸில் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கிற வண்டியா, சீமையிலிருந்து வந்த பழைய வண்டியா? ஒரு சிலிண்டரா, இரண்டா? பிக்கப் எப்படி, சத்தம் எப்படி, நாளைக்கு விற்றால் போகுமா? சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு முழு மாலை பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? ஒருவர் வாயாலேயே ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் செய்துகாட்டினார். நான் காபி கொடுத்தேன்.

இத்தனை பேரில் ஒருவராவது, 'ஏம்மா, பின்னாடி தினம் உட்காரப்போறவ நீ. உனக்கு என்ன வேணும்?' என்று கேட்டாரா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெரிதாக ஒன்றும் இல்லை. காலை ஊன்ற ஒரு பலகை வேண்டும். கை பிடிக்க ஒரு பிடி வேண்டும். புடவை சக்கரத்துக்குள் போகாமல் இடது பக்கம் ஒரு கம்பி வலை வேண்டும். ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் நான் விழுந்தேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை வளைவு. லேசான தூறல். ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். காற்றில் பறந்த முந்தானையைச் செயின் இழுத்தது. அவ்வளவுதான் தெரியும். ரோட்டில் கிடந்தேன். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. "என்னங்க" என்று கூப்பிட்டேன்.

இவர் போய்க்கொண்டே இருந்தார்.

பேசிக்கொண்டே வேறு போனாராம். கார்புரேட்டரைப் பற்றி. பதில் வராதது அவருக்கு வித்தியாசமாகவே படவில்லை. கடைசியில் பூக்கூடையோடு வந்த ஒருவர்தான், "சாமீ, நிம் ஹெங்கசு பித்ரு" என்று கன்னடத்தில் கத்தி, பின்னால் பெண்பிள்ளை விழுந்துவிட்டதைச் சொல்லி வண்டியை நிறுத்தினார்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"நைலான் புடவைய யாரு கட்டச் சொன்னாங்க?"

செயின் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலையில் பாஷா பாய் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். சிவாஜி நகர் பக்கத்து வண்டிப் புரோக்கர். குடகில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறியபோது விட்டுப்போன வண்டியாம். கறுப்பு நிறம். இரண்டு சிலிண்டர். இரண்டு பக்கமும் பளபளவென்று சைலன்சர். அது தெருவுக்குள் நுழைந்தபோது எங்கள் சமையலறைத் தட்டுகள் நடுங்கின. பக்கத்து வீட்டு வேலியில் இருந்த கோழிகள் வேறு தெருவுக்குப் போய்விட்டன.

வண்டியைப் பரிசோதிக்க வந்திருந்தவர் துரைசாமி அண்ணன். என் நாத்தனார் புருஷர். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். எங்கள் குடும்பத்தில் சக்கரம் வைத்த எதை வாங்குவதென்றாலும் அவர் வந்து டயரை உதைத்துப் பார்க்க வேண்டும். என் மகனுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கியபோதும் உதைத்தார்.

நான் சமையலறையில் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"க்யா வண்டி சார். ராஜா வண்டி," என்றார் பாஷா பாய். "பின்னாடி ஆள் குந்தியிருக்கிறதே தெரியாது. அப்டி இழுக்கும்."

பின்னால் ஆள் இருப்பதே தெரியாது! அதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார், பாருங்கள். இந்த மனிதருக்கு ஏற்கெனவே தெரிவதில்லை. இதில் தெரியாமல் இருப்பதற்கென்றே ஒரு வண்டி வேறா?

"அந்த ஏத்தத்துல டபுள்ஸ் ஏறுதான்னு பாக்கணும்," என்றார் துரைசாமி அண்ணன். "அதுதானே உனக்கு முக்கியம்?"

"ஆமா மாமா."

ஆகா, இப்போது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரோவக் கூப்பிடட்டுமா?" என்றார் இவர்.

"அதை எதுக்கு? உள்ளே வேலையா இருக்குது. அதுவுமில்லாம தெரியாத வண்டி. விழுந்துகிழுந்து வச்சா?"

இதைப் படிக்கிற நீங்களே சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஏற்றினால் விழுந்துவிடுவேன். வாங்கிய பிறகு தினமும் ஏற்றினால் விழமாட்டேனா?

"அப்போ வெயிட்டுக்கு என்ன பண்றது?"

"உன் சம்சாரம் எவ்ளோ வெயிட் இருக்கும்?"

என் கணவர் யோசித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகிவிட்டதே, நன்றாகவே யோசித்தார்.

"அந்த ராகி மூட்டை இருக்கும் மாமா."

"பெருசா, சின்னதா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வருவதற்குள் மூட்டை வண்டிக்குப் போய்விட்டது. என் மூட்டை. களிக்கும் கூழுக்கும் என்று சுத்தம் செய்து கட்டிவைத்திருந்த கேழ்வரகு. அதைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, கொடியில் ஈரத்துணி காயப்போடுகிற என் கயிற்றை அவிழ்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். துணிகளைச் சுருட்டி மதில்மேல் வைத்துவிட்டார்கள். மூட்டை நடுவில் இறங்கி, இரண்டு பக்கமும் தொங்கியது. ஆண்பிள்ளை மாதிரி காலை அகட்டிப் போட்டுக்கொண்டு என் இடத்தில் அது சுகமாக உட்கார்ந்திருந்தது.

துரைசாமி அண்ணன் ஓட்டினார். என் இடத்தில் கேழ்வரகு போனது.

திரும்பி வந்தபோது மூவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. மேட்டில் டாப் கியரிலேயே ஏறிவிட்டதாம். மூட்டை அசையவே இல்லையாம்.

நான் மூட்டையைப் பார்த்தேன். இளைத்திருந்தது. இடது பக்கக் கீழ் மூலையில் கோணி கருகி, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து கேழ்வரகு இன்னும் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்தேன். எங்கள் கேட்டிலிருந்து ஏரிப்பக்கம் வரை ஒரே கோடு. குருவிகள் இறங்கிவிட்டன. தெரு மாறிப்போன கோழிகளும் திரும்பி வந்துவிட்டன.

"சைலன்சர் பட்டிருக்குது," என்றேன்.

"கோணி பழசும்மா," என்றார் துரைசாமி அண்ணன்.

"பழைய கோணி, அதான்," என்றார் இவர்.

"பிகர் நக்கோம்மா, புதுக் கோணி நான் குடுக்கறேன். கவலைப்படாதீங்க," என்றார் பாஷா பாய்.

அன்றைக்கு நைலான் மேல் தப்பு. இன்றைக்குக் கோணி மேல் தப்பு. இந்த ஊரில் எந்த வண்டியும் தப்பே செய்வதில்லை. தப்பெல்லாம் பின்னால் உட்காருவதுதான் செய்கிறது.

என் வாயிலிருந்து வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார். எழுதக்கூடியது மட்டும்:

"பொம்பளைங்க எந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாங்க? இடது பக்கம். சைலன்சர் எங்க இருக்குது? அங்கேயும் இருக்குது. மூட்டை கருகின இடத்துலதான் என் கால் இருக்கும். இதை மூணு பேர்ல ஒருத்தருக்கும் பார்க்கத் தோணலையா?"

"கால நீ கொஞ்சம் தள்ளி வச்சுக்கணும்," என்றார் என் கணவர். ரொம்பப் பொறுமையாக.

அந்தப் பொறுமைதான் என்னைக் கெடுத்தது.

"சரி. எங்க தள்ளி வைக்கறதுன்னு நீங்களே உட்கார்ந்து காட்டுங்க. துரைசாமி அண்ணன் ஓட்டட்டும். நீங்க பின்னாடி. என்னை மாதிரி ஒரு சைடா."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"உட்காராம இந்த வண்டி வீட்டுக்குள்ள வராது. வந்தா நான் ஏறமாட்டேன். எனக்கு வேலை போகும். போனா, யாரால போச்சுன்னு அக்கா வீட்டுலயும் சொல்லுவேன், பத்திரிகையிலயும் எழுதுவேன்."

துரைசாமி அண்ணன் தெருவைப் பார்த்தார். அக்கம்பக்கம் பாதி வாசலில் நின்றது. "பேஜாரு பண்ணாதேம்மா," என்றார். ஆனால் வியாபாரம் கெட்டுவிடுமோ என்று பாஷா பாய்க்குப் பயம். "ஏறுங்க சார், ஒரு ரவுண்டுதானே. வீட்டம்மா சந்தோஷப்படுவாங்க," என்று அவரே இவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இவர் வேட்டியில் இருந்தார். எனக்கு அது இன்னும் வசதி. ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். இடது பக்கம் இரண்டு காலும் தொங்கின. ஊன்றிக்கொள்ள இடம் தேடி, இல்லாமல், அந்தரத்தில் நின்றன.

நான் உள்ளே போய் டிபன் கேரியரையும் என் கைப்பையையும் கொண்டுவந்து மடியில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"தினம் நான் அதை வீட்டுல வச்சிட்டா போறேன்?"

"சரி, மாமா தோளையாவது பிடிச்சுக்கறேன்."

"கூடாது. நான் உங்க தோளைப் பிடிச்சா, ரோட்டுல நாலு பேரு பாக்கறாங்கன்னு தட்டிவிடறீங்க இல்ல? அதே நாலு பேருதான் இன்னிக்கும் பாக்கறாங்க."

வண்டி கிளம்பியது. வேட்டி நுனி பறக்க, டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு, என் கணவர் தெருமுனையில் திரும்பியது வரை பார்த்தேன். எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்?

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. தட்டுகள் நடுங்கின. துரைசாமி அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து, கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார்.

"பாத்தியா கோதண்டம்," என்றார், முன்பக்கம் பார்த்தபடியே. "என்னா இழுவை. ஏத்தத்துல நீ பின்னாடி இருக்கிறதே எனக்குத் தெரியலை."

பின்னால் யாரும் இல்லை.

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி வெறும் சீட்டைப் பார்த்தார். பட்டாளத்துக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பாஷா பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து, சும்மா இருந்த மட்கார்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை இருந்த கோபம் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. என்ன வேலை செய்துவிட்டேன், எங்கே கிடக்கிறாரோ என்று செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன்.

ஏரிக்கரை வளைவுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, அந்தக் கேழ்வரகுக் கோட்டின் ஓரமாகவே வந்தார். கையில் டிபன் கேரியர். மேல் மூடி எங்கோ போய்விட்டது. கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். வேட்டியில் கருகின ஓட்டை. இடது கெண்டைக்காலில் சிவப்பாக ஒரு பட்டை.

"அடி எங்கேயாவது...?"

"இல்ல. மேட்டுல கால் சுட்டுச்சு. வெடுக்குனு இழுத்தேன். வழுக்கி ரோட்டுல உட்கார்ந்துட்டேன்." டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டார். "மாமான்னு கூப்பிட்டேன் சரோ. கேக்கவே இல்லை. போயிட்டே இருந்தாரு."

"தெரியும்," என்றேன். "நானும் கூப்பிட்டேன். போன வருஷம்."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். என் இடது மணிக்கட்டையும் பார்த்தார். அன்றைக்கு விழுந்ததிலிருந்து அதைப் பற்றி எத்தனையோ தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் துரைசாமி அண்ணன் அதற்குள் சுதாரித்துக்கொண்டிருந்தார். காலைக் குனிந்து பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"வேட்டியத் தழையத் தழையக் கட்டிக்கிட்டு யாரு ஏறச் சொன்னாங்க? மடிச்சுக் கட்டியிருக்கணும் கோதண்டம்."

என் கணவர் மாமாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று உயர்த்தினார்.

"வேட்டி என்னா மாமா பண்ணுச்சு? முதல்ல வண்டியப் பாருங்க."

இந்த வாக்கியத்துக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். 'புடவை என்ன மாமா பண்ணுச்சு' என்று அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? என் எலும்பு முறிந்தபோது வராத வார்த்தை, அவர் வேட்டி கருகியபோது வருவானேன்? வந்ததே, பரவாயில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. பரவாயில்லை என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் காலுக்கு நேரே சைலன்சர் வந்து நிற்கிறது.

பாஷா பாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "அடுத்த தபா அம்மாவுக்குப் புடிச்ச வண்டியாக் கொண்டாரேன்," என்றார். புரோக்கருக்குத்தான் முதலில் புரிந்தது — யாரைக் கேட்டு விற்க வேண்டும் என்று. துரைசாமி அண்ணன் இட்லி சாப்பிடாமல் போனார். அது எனக்கு வருத்தம்தான். நிறையச் சுட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் வழக்கம்போல, "சார், வாங்க சார்" என்று இவரை அழைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போனார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்களுக்கு நாற்காலி, ஆண்களுக்கு விளக்கம். அங்கே அதுதான் ஏற்பாடு.

"அவங்களக் கேளுங்க," என்றார் என் கணவர்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. நான் எழுந்துபோய், மெட்ராஸில் பூட்டுகிற அந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் பின் சீட்டில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். கடையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சைலன்சர் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. என் கால் பக்கம் செயின் இருந்தது. அதற்கு வலை உண்டா என்று கேட்டேன். உண்டு. கால் பலகை? போட்டுத் தரலாம். பிடி? அதையும் போடலாம். "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே மேடம்," என்றார் கடைக்காரர். கேட்டதில்லையா, கேட்கவே விட்டதில்லையா?

பெயரைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் ஊரே நிற்கிறது. என் மகனுக்கு மீசை முளைப்பதற்குள் வண்டி வந்துவிடும் என்று நம்புகிறேன்.

அதுவரை? குட்டி வண்டியிலேயே மறுநாள் ஒரு தகரப் பட்டறையில் வலை வைத்தோம். கால் பலகையும் வைத்தோம். காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு காபி நேர வேலைக்கு ஒரு வருஷம்!

மேட்டுக்கும் வழி பிறந்தது. அதைக் கேட்டால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். ஏரியை அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால், ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுமாம். குட்டி வண்டியே இரண்டு பேரை இழுத்துவிடுமாம். என் கணவருக்கு இது முன்பே தெரியுமாம். பின்னே ஏன் போகவில்லை? சுற்று வழி என்றால் இவர் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நான் மேட்டில் நடந்தேன். சீமை வண்டி வரை போனதும் அதற்காகத்தான்.

வியாழக்கிழமையிலிருந்து எழுந்திருக்கிறார். காலில் இன்னும் மருந்து போட வேண்டியிருக்கிறது. போடுகிறேன். கொஞ்சம் அழுத்தியே போடுகிறேன். எக்ஸ்சேஞ்சுக்கு நேரத்தோடு போய்விடுகிறேன். சூப்பர்வைசர் அம்மாள் கண்ணாடியை இறக்குவதில்லை.

ஒரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. வண்டி கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமல் கேட்கிறார்: "சரோ, இருக்கியா?"

"இருக்கேன்."

இன்னும் கொஞ்ச தூரம். "இருக்கியா?"

"இருக்கேன்."

நேற்று ஏரிக்கரை வளைவில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வலையும் பலகையும் கண்ணுக்குத் தெரிகிறவை, சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இவர் காதை எப்படிப் பார்ப்பது?

அடுத்த விளக்குக் கம்பம்கூட வரவில்லை. வண்டி நின்றுவிட்டது. இறங்கித் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"இருக்கேன், போங்க," என்றேன்.

டிரையல் பார்க்க அவர்களுக்கு மட்டும்தான் தெரியுமா, என்ன?